பச்சைத் தக்காளியில் விஷம் இருந்தும் பூஞ்சை எப்படி உள்ளே நுழைகிறது?

இலைப்புள்ளி:

தாவர நோயியல் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். தக்காளிச் செடியின் இலை, தண்டு, வேர், பழுக்காத காய் எல்லாவற்றிலும் டொமாட்டின் என்ற பொருள் இருக்கிறது, அது பூஞ்சைகளைக் கொல்லும் என்று ஒரு அத்தியாயம் சொல்கிறது. அடுத்த அத்தியாயத்தைத் திறந்தால் ஃபுசேரியம் வாடல், செப்டோரியா இலைப்புள்ளி என்று அதே தக்காளிக்கு வரும் பூஞ்சை நோய்கள் வரிசையாக வருகின்றன. விஷம் ஏற்கெனவே அங்கே இருக்கிறதே, அப்புறம் இவை எப்படிப் பிழைக்கின்றன? விஷத்தை முறித்துவிடுகின்றனவா, அல்லது விஷம் இவற்றின் மேல் வேலையே செய்வதில்லையா, அல்லது விஷம் இல்லாத பகுதியாகப் பார்த்து நுழைகின்றனவா? "நோய்க்காரணி தாவரத்தின் தற்காப்பை முறியடிக்கிறது" என்று ஒரே வரியில் புத்தகம் முடித்துவிட்டது. அந்த முறியடிப்பு எப்படி நடக்கிறது என்றுதான் கேட்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி:

நீங்கள் கேட்ட மூன்றுமே உண்டு. தக்காளியை எடுத்துக்கொண்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

டொமாட்டின் ஒரு சப்போனின் வகை. ஸ்டீராய்டு போன்ற உடல் பகுதி ஒன்று, அதோடு ஒட்டிய நான்கு சர்க்கரைகள், அவ்வளவுதான் அதன் அமைப்பு. இது பூஞ்சையின் உயிரணுச் சவ்வில் இருக்கும் ஸ்டீரால் என்ற கொழுப்பு வகைப் பொருளோடு போய்ப் பிணைந்து சவ்வைக் குலைக்கிறது, உள்ளே இருப்பது வெளியே கசிந்து உயிரணு சாகிறது. சர்க்கரைத் தொடர் முழுதாக இருந்தால்தான் இந்த வேலை ஒழுங்காக நடக்கும், ஒரு சர்க்கரை போனாலே வீரியம் பெரிதும் குறைந்துவிடும். தக்காளியைத் தாக்கும் பூஞ்சைகள் கை வைப்பது சரியாக அந்த இடத்தில்தான். டொமாட்டினேஸ் என்ற நொதியை வெளியே சுரக்கின்றன. செப்டோரியா லைகோபெர்சிசி நுனியில் இருக்கும் ஒரே ஒரு குளுக்கோஸை வெட்டுகிறது. வாடல் நோய் உண்டாக்கும் ஃபுசேரியம் ஆக்ஸிஸ்போரமோ நான்கு சர்க்கரைகளையும் சேர்த்து மொத்தமாகக் கழற்றிவிடுகிறது, மிஞ்சுவது டொமாட்டிடின். வெட்டும் இடம் வேறு, ஆனால் இரண்டிலும் விஷம் அதற்கு மேல் சவ்வைத் தொடுவதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் தக்காளியில் இல்லை, ஓட்ஸ் வேரில் இருக்கிறது. ஓட்ஸ் நாற்றின் வேரைப் புற ஊதா விளக்கின் கீழே வைத்தால் வேர்நுனி பளிச்சென்று நீல நிறத்தில் ஒளிரும். அந்த ஒளியைத் தருவது அவெனசின் என்ற சப்போனின், வேரின் மேல்தோல் உயிரணுக்களில் அடைந்து கிடப்பது. கோதுமை வேரில் இது கிடையாது. வேரை அழுகவைக்கும் கேயுமன்னோமைசஸ் என்ற பூஞ்சையில் கோதுமையைத் தாக்கும் வகை ஒன்று, ஓட்ஸையும் தாக்கக்கூடிய வகை ஒன்று என இரண்டு உண்டு, ஓட்ஸைத் தாக்கும் வகையிடம் மட்டும் அவெனசினை வெட்டும் அவெனசினேஸ் நொதி இருக்கிறது. 1995இல் அந்த நொதியின் மரபணுவை மட்டும் குலைத்துப் பார்த்தார்கள். பூஞ்சை ஓட்ஸைத் தாக்கும் திறனை இழந்தது, கோதுமையை மட்டும் பழையபடியே தாக்கியது. அதாவது பூஞ்சை பொதுவாகப் பலவீனமாகிவிடவில்லை, விஷம் இருக்கும் வேரில் மட்டும் தோற்றது. சில ஆண்டுகள் கழித்து, 1999இல், இதையே மறுபக்கத்திலிருந்தும் செய்தார்கள். ஓட்ஸின் நெருங்கிய உறவான ஒரு இனத்தில் திடீர்மாற்றத்தைத் தூண்டி, புற ஊதா விளக்கின் கீழே வேர் ஒளிராத நாற்றுகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள் (ஒளிரவில்லை என்றால் அவெனசின் இல்லை, தேடுவதற்கு இவ்வளவு சுலபமான அடையாளம் எல்லா ஆய்விலும் வாய்க்காது). அந்த நாற்றுகளுக்கு நோய் அதிகமாக வந்தது. பூஞ்சைப் பக்கம், செடிப் பக்கம் இரண்டிலும் இப்படிச் சோதித்துக் காட்டிய வழக்குகள் மிகக் குறைவு.

விஷம் வேலையே செய்யாத வகையும் இருக்கிறதா என்றால், இருக்கிறது. டொமாட்டின் தேடிப் போவது ஸ்டீராலைத்தானே. ஃபுசேரியம் சோலானி பூஞ்சையில் ஸ்டீரால் குறைந்த திடீர்மாற்ற வகைகளை உண்டாக்கியபோது அவை டொமாட்டினைத் தாங்கின, பழுத்த பழத்தை மட்டுமே அழுகவைத்த பூஞ்சை பச்சைக் காயையும் அழுகவைத்தது. பித்தியம், ஃபைட்டோப்தோரா போன்றவை தாமாக ஸ்டீரால் செய்வதே இல்லை, அதனால் சப்போனின் அவற்றை அவ்வளவாகப் பாதிக்காது. இவை உண்மையான பூஞ்சைகள் அல்ல, பூஞ்சை போலவே தோன்றும் ஊமைசீட்டுகள் என்ற வேறு கூட்டம், தேர்வில் குழப்பிவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வெட்டிப்போட்ட துண்டுகள் சும்மா கிடப்பதில்லை. செப்டோரியாவின் நொதி டொமாட்டினை வெட்டியதும் கிடைக்கும் பொருள் செடியின் மற்றத் தற்காப்பு வேலைகளை அடக்குகிறது என்று 2002இல் காட்டினார்கள். ஃபுசேரியம் உண்டாக்கும் துண்டுகளுக்கும் அதே குணம் உண்டு. செடி தன்னைக் காக்கச் செய்த பொருளே பூஞ்சையின் கைக்குப் போய்ச் செடியை வாயடைக்கிறது.

வேர்த்தூவி:

நுண்ணோக்கி சொன்னதில் தகவல் பிழை எதுவும் இல்லை, ஆனால் ஓட்ஸ் கதையை முதலில் கேட்டவர்கள் எல்லாப் பூஞ்சையும் இப்படித்தான், ஒரு நொதி ஒரு விஷம் கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஓட்ஸ் ஒரு விதிவிலக்கு என்றுதான் நான் சொல்வேன். அதே செப்டோரியாவில் டொமாட்டினேஸ் மரபணுவை நீக்கினார்கள், பூஞ்சைக்கு டொமாட்டினைத் தாங்கும் சக்தி குறைந்தது, ஆனால் தக்காளியில் நோயை உண்டாக்கத்தான் செய்தது. ஃபுசேரியத்தில் ஒரு டொமாட்டினேஸ் மரபணுவை எடுத்தால் நோய் தாமதமாகிறதே தவிர நிற்பதில்லை, அதே வேலைக்கு வேறு மரபணுக்களும் அதனிடம் உண்டு.

சோளத்தில் இன்னும் மோசம். சோள இலை நசுங்கினால் சயனைடு வெளிவரும். இலையைத் தாக்கும் குளோயியோசெர்கோஸ்போரா சோர்கி பூஞ்சையிடம் சயனைடை ஃபார்மமைடாக மாற்றும் நொதி இருக்கிறது, பாடப்புத்தகத்தில் போட வசதியான உதாரணம். 1999இல் அந்த மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள்: தட்டில் சயனைடு வைத்தால் பூஞ்சை திணறுகிறது, சோளத்தில் வைத்தால் வழக்கம்போல நோய் வருகிறது. தட்டில் தெரிவது இலையில் நடப்பதாக ஆகாது. ஆய்வுக்கட்டுரை படிக்கும்போது "நொதி இருக்கிறது" என்பதையும் "அந்த நொதி இல்லாவிட்டால் நோய் வராது" என்பதையும் தனித்தனியாகப் பாருங்கள். முதலாவதற்குச் சான்று நிறைய, இரண்டாவதற்குக் கொஞ்சம்தான்.

அப்புறம், டொமாட்டினும் அவெனசினும் செடியில் எப்போதும் இருக்கிற கையிருப்பு. தாக்குதல் நடந்த பிறகு புதிதாகச் செய்யப்படும் விஷங்கள் தனி, அவைதான் பைட்டோஅலெக்சின்கள். 1940இல் முல்லர், போர்கர் இருவரும் உருளைக்கிழங்கில் செய்த சோதனைகளிலிருந்து வந்த கருத்து அது. முதலில் பிரித்தெடுத்து அமைப்பு கண்ட பைட்டோஅலெக்சின் பட்டாணியின் பிசாட்டின், 1960இல் அதைப் பிரித்தெடுத்தவர்கள் குரூயிக்ஷாங்கும் பெர்ரினும். அவர்கள் செய்த முறை அழகானது: பட்டாணி நெற்றைப் பிளந்து, விதையை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் பூஞ்சை வித்துகள் கலந்த நீர்த்துளியை விட்டு வைக்கவேண்டியது. நெற்றின் உட்புறத் திசு பூஞ்சையை உணர்ந்து பிசாட்டினைச் செய்து அந்தத் துளிக்குள்ளேயே விடும், துளியை உறிஞ்சி எடுத்தால் பொருள் கையில். பட்டாணிக்கு நோய் தராத ஒரு பூஞ்சையின் வித்தைத்தான் பயன்படுத்தினார்கள் என்பதையும் கவனியுங்கள், தாக்கும் பூஞ்சையாக இருந்தால் சேர்ந்த பிசாட்டினை அதுவே சிதைத்துவிடக்கூடும்.

சிதைப்பது எப்படி என்றால், பட்டாணியைத் தாக்கும் நெக்ட்ரியா ஹெமட்டோகாக்கா என்ற பூஞ்சை பிசாட்டினிலிருந்து ஒரு மெத்தில் தொகுதியைக் கழற்றுகிறது. சைட்டோகுரோம் பி450 வகை நொதி அது, ஹான்ஸ் வான் எட்டன் குழு பல ஆண்டுகள் இதன் பின்னால் அலைந்தது. அந்த மரபணு இருக்கும் இடம்தான் வேடிக்கை. பூஞ்சையின் ஒரு கூடுதல் குரோமோசோமில் இருக்கிறது. அந்த குரோமோசோமே தொலைந்தாலும் ஆய்வகத்தில் பூஞ்சை நன்றாகவே வளரும், பட்டாணிமேல் மட்டும் பலம் போய்விடும். சரி, அப்படியென்றால் இந்த நொதிதான் எல்லாம் என்று அந்த ஒரு மரபணுவை மட்டும் நீக்கினால், நோய் கொஞ்சம்தான் குறைகிறது. மிச்சத்தை யார் செய்தது? 2011இல் விடை வந்தது, ஒரு ஏபிசி பம்பு. உயிரணுவின் சவ்வில் உட்கார்ந்து, உள்ளே வரும் பிசாட்டினை ஆற்றல் செலவழித்து வெளியே தள்ளும் புரதம். நொதி, பம்பு இரண்டையும் சேர்த்து எடுத்தபோதுதான் பூஞ்சை உண்மையாகவே முடங்கியது. ஓட்டைப் படகில் ஒருவர் ஓட்டையை அடைக்க, இன்னொருவர் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பது மாதிரி இவை இரண்டும் ஒன்றை ஒன்று தாங்குகின்றன.

பம்பு என்றால் போட்ரைட்டிஸ் சினெரியாவைச் சொல்லாமல் விடமுடியாது. திராட்சை முதல் ஏராளமான பயிர்களில் சாம்பல் பூசணம் உண்டாக்குவது. இதன் அட்ர்பி என்ற பம்பு திராட்சையின் பைட்டோஅலெக்சினான ரெஸ்வெராட்ராலையும் வெளியேற்றும், ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் பைட்டோஅலெக்சினான கேமலெக்சினையும் வெளியேற்றும். 2009இல் செய்த சோதனை எளிமையானது: பம்பு இல்லாத பூஞ்சையைச் சாதாரண அரபிடாப்சிஸில் விட்டால் சுணங்குகிறது, கேமலெக்சின் செய்யமுடியாத அரபிடாப்சிஸில் விட்டால் பம்பு உள்ள பூஞ்சைக்குச் சமமாகத் தாக்குகிறது. ஆக, அந்தச் சுணக்கத்துக்குக் காரணம் கேமலெக்சின்தான்.

அதே பம்பு ஃப்ளூடியாக்சோனில் போன்ற பூஞ்சாணக்கொல்லிகளையும் வெளியே தள்ளும். ஜெர்மனி, பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்களில் பல மருந்துகளை ஒருங்கே தாங்கும் போட்ரைட்டிஸ் வகைகளைப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு வகையில் இந்தப் பம்பை இயக்கும் கட்டுப்பாட்டுப் புரதத்தில் மாற்றம் ஏற்பட்டு, விஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பம்பு எப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. செடியின் விஷத்துக்காக வைத்திருந்த கருவி நம் மருந்துக்கும் பயன்பட்டுவிட்டது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். பூஞ்சாணக்கொல்லி எதிர்ப்பை மட்டும் படிப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திரும்பியே பார்ப்பதில்லை, அது எனக்கு எப்போதும் ஒரு ஆதங்கம்.

தழைச்சத்து:

அடேயப்பா, பூஞ்சைக்கு இவ்வளவு மூளையா.

வேர்த்தூவி:

மூளையெல்லாம் இல்லை நண்பரே. கோடிக்கணக்கான வித்துகள், அதில் ஏதோ ஒன்றிரண்டில் தற்செயலான மாற்றம், மற்றவை செத்தபின் மிஞ்சியது பெருகுகிறது. பூஞ்சை "கற்றுக்கொள்கிறது" என்று எழுதுவது எழுத்துக்கு வசதி, அவ்வளவே.

கரிப்பூட்டை:

இரண்டு பேரும் விஷத்தோடு நேருக்கு நேர் மோதும் பூஞ்சைகளைப் பற்றியே பேசுகிறீர்கள். விஷமே உண்டாகாமல் பார்த்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று இருக்கிறது, துரு நோய், சாம்பல் நோய், கரிப்பூட்டை மாதிரி செடியின் உயிருள்ள திசுவிலிருந்தே உணவு எடுப்பவை. இவற்றுக்குச் செடி செத்தால் சோறு கிடையாது, அதனால் நொதியை வாரி இறைத்துத் திசுவைக் குதறுவதில்லை, சத்தமில்லாமல் நுழைகின்றன. துருப் பூஞ்சைகள் இலைக்குள் நுழையும்போது தம் மேற்பரப்பில் இருக்கும் கைட்டின் என்ற சுவர்ப்பொருளைக் கைட்டோசானாக மாற்றிக்கொள்கின்றன, செடி தேடுவது கைட்டினைத்தான் என்பதால் ஆளை அடையாளம் தெரியாது. நெல்லின் குலைநோய்ப் பூஞ்சை வேறு வகைக் குளுக்கான் (குளுக்கோஸ் தொடர்) ஒன்றை மேலே போர்த்திக்கொள்கிறது, அதைச் சிதைக்கும் நொதி நெல்லிடம் இல்லை.

என் பெயருக்கு ஏற்ப மக்காச்சோளக் கரிப்பூட்டையைப் பற்றிச் சொல்கிறேன். செடி தற்காப்பை முடுக்கிவிடும் முக்கியமான சைகை சாலிசிலிக் அமிலம். அதற்கு மூலப்பொருள் கோரிஸ்மேட். கரிப்பூட்டைப் பூஞ்சை ஒரு நொதியைச் சுரந்து செடியின் உயிரணுவுக்குள்ளேயே அனுப்பி, கோரிஸ்மேட்டை வேறு பாதைக்குத் திருப்பிவிடுகிறது, 2011இல் வெளிவந்த ஆய்வு. சாலிசிலிக் அமிலம் தேவையான அளவுக்குச் சேர்வதே இல்லை. விஷத்தை முறிப்பதைவிட மூலப்பொருளைக் கடத்துவது எவ்வளவோ மலிவு.

காத்திருப்பதும் ஒரு வழிதான். அவகேடோ காயின் தோலில் பூஞ்சையைத் தடுக்கும் ஒரு டையீன் சேர்மம் இருக்கிறது. கொலிட்டோடிரைக்கம் என்ற பூஞ்சை காய் பச்சையாக இருக்கும்போதே ஒட்டி, முளைத்து, தோலுக்குள் கொஞ்சம் நுழைந்து, அப்படியே படுத்துவிடும். காய் பழுக்கப் பழுக்க அந்தச் சேர்மம் குறையும், குறைந்ததும் பூஞ்சை எழுந்து பழத்தைக் கருக்கிவிடும். பறிக்கும்போது புள்ளிகூட இல்லாத பழம் பழுத்ததும் ஏன் கறுக்கிறது என்பதற்கு விடை இதுதான். நீங்கள் கேட்ட "விஷம் இல்லாத பகுதியாகப் பார்த்து நுழைவது" என்பதைக் கொஞ்சம் மாற்றி, விஷம் இல்லாத நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சயனைடு பேச்சு வந்ததால் ரப்பர் மரத்தையும் சேர்த்துவிடுகிறேன். தென்னமெரிக்க இலைக்கருகல் பூஞ்சை ரப்பர் இலையைத் தாக்கும்போது வெளிவரும் சயனைடை அது தாங்கிக்கொள்கிறது, ஆனால் இலையால் தாங்கமுடியவில்லை. ஸ்கோபோலெட்டின் என்ற பைட்டோஅலெக்சினைச் செய்யும் வேலை சயனைடால் படுத்துவிடுகிறது. அதனால் சயனைடு அதிகம் விடும் ரப்பர் ரகங்களுக்கு நோயும் அதிகம். விஷம் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லமுடியாது.

இலைப்புள்ளி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு கேள்வி மட்டும். ஒன்று, அந்த முறிக்கும் நொதியைத் தடுத்துவிட்டால் செடியின் சொந்த விஷமே பூஞ்சையைக் கொன்றுவிடாதா, யாராவது செய்து பார்த்தார்களா? இரண்டு, ஒரு பூஞ்சை ஒரு விஷத்தைத் தாங்குகிறது என்று தெரிந்தால், அது முறிக்கிறதா, வெளியே தள்ளுகிறதா, அல்லது அதன்மேல் விஷம் வேலையே செய்யவில்லையா என்பதை எப்படிப் பிரிப்பது?

நுண்ணோக்கி:

முதல் கேள்விக்கு: செய்துகொண்டிருக்கிறார்கள். கனடாவின் சஸ்காட்சவன் பல்கலைக்கழகத்தில் சோலெடாட் பெட்ராஸ் குழு இப்படி நொதியைத் தடுக்கும் பொருள்களுக்குப் பால்டாக்சின் என்றே பெயர் வைத்தது. கடுகுக் குடும்பச் செடிகளின் பைட்டோஅலெக்சின் பிராசினின், அதை லெப்டோஸ்ஃபேரியா மாக்குலன்ஸ் என்ற பூஞ்சை ஒரு நொதியால் மாற்றிச் செயலிழக்கச் செய்கிறது, அந்த நொதியை அடைக்கும் மூலக்கூறுகளைத் தேடினார்கள். கேமலெக்சின் அந்த நொதியை அடைப்பது தெரிந்தது, அதாவது இன்னொரு செடியின் விஷமே இங்கே தடுப்பான். யோசனை நல்ல யோசனை. நேரடியாகப் பூஞ்சையைக் கொல்லாமல் அதன் கேடயத்தை மட்டும் பிடுங்குவதால் மற்ற உயிர்களுக்குத் தீங்கு குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் வேர்த்தூவி சொன்ன பட்டாணி விஷயத்தை மறக்காதீர்கள், நொதியை அடைத்தால் பம்பு இருக்கிறது.

வேறு வழியும் உண்டு. பூஞ்சைக்குப் பழக்கமில்லாத விஷத்தைச் செடிக்குக் கொடுப்பது. 1993இல் திராட்சையின் ஸ்டில்பீன் சிந்தேஸ் மரபணுவைப் புகையிலைக்கு மாற்றி ரெஸ்வெராட்ரால் செய்யவைத்தார்கள், போட்ரைட்டிஸ் தாக்குதல் குறைந்தது. போட்ரைட்டிஸிடம் ரெஸ்வெராட்ராலைத் தள்ளும் பம்பு இருந்தும் குறைந்தது, அதையும் யோசித்துப் பாருங்கள். பம்பு இருந்தாலும் விஷம் போதுமான அளவில், போதுமான வேகத்தில் சேர்ந்தால் செடிக்கு நேரம் கிடைக்கிறது.

வேர்த்தூவி:

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன், இது கையால் செய்து பார்க்கக்கூடியது. திரவ ஊடகத்தில் பூஞ்சையை வளர்த்து, கொல்லாத அளவில் விஷத்தைச் சேருங்கள், பூஞ்சை இல்லாத குடுவை ஒன்றையும் கொன்ற பூஞ்சை போட்ட குடுவை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். விஷம் தானாகவே சிதைவதும், பூஞ்சையின் சுவரில் வெறுமனே ஒட்டிக்கொள்வதும் இந்த இரண்டில்தான் தெரியும், இவற்றை வைக்காமல் "பூஞ்சை முறித்தது" என்று எழுதிய கட்டுரைகளும் உண்டு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து அளந்து பாருங்கள். உயிருள்ள பூஞ்சை இருக்கும் குடுவையில் மட்டும் விஷம் குறைந்து, புதிய பொருள் ஒன்று கூடவே ஏறினால் அது முறிப்பு.

விஷம் திரவத்தில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, பூஞ்சையும் வளர்கிறது என்றால், பம்பா அல்லது விஷம் பிடிக்கும் இடமே இல்லையா என்று பார்க்கவேண்டும். இங்கே பூஞ்சையை வடிகட்டிக் கழுவி உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளக்கவேண்டும். பிறகு உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியை நிறுத்தும் ஒரு பொருளைச் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். ஆற்றல் நின்றதும் உள்ளே விஷம் சட்டென்று ஏறினால் அதுவரை ஏதோ ஒன்று அதை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே உள்ளே நிறைய இருந்தும் பூஞ்சை கவலையில்லாமல் வளர்ந்தால் இலக்குதான் வேறு. டொமாட்டின் மாதிரி சவ்வின் மேலேயே வேலை செய்யும் விஷத்துக்கு இந்த முறை அவ்வளவு ஒத்துவராது, அதற்குப் பூஞ்சையின் ஸ்டீராலைப் பிரித்து அளப்பதுதான் சரி. ஊடகத்தின் அமிலத்தன்மையையும் குறித்துவையுங்கள், அமிலம் கூடினால் டொமாட்டின் தானாகவே வீரியம் குறைந்துவிடும், பூஞ்சை ஏதோ சாதித்துவிட்டதாகத் தோன்றும்.